மலைக்கு வந்த பெயர்



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் அமைந்த சிற்றூர் புசல்லாவை. அதனை அடுத்துள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பெயர் ரொத்சைல்ட். இப்பகுதிப் பாடசாலைகளின் சேர்வு இடாப்பிலே, முகவரி என்னும் நிரலில், அப்பெயரைப் பன்முறை எழுதுகின்றோம். ஐரோப்பிய அரசுகளுக்கே கடன் வழங்கிய ஒரு குடும்பத்தின் பெயர் நம் மலைக்கு வந்தது எங்ஙனம்?

ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில், முற்காலத்தில் யூதர்க்கென ஒரு தெரு ஒதுக்கப்பட்டிருந்தது. மதில் சூழ்ந்த அத்தெருவின் வாயில்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடைக்கப்படும். அங்கே 1744 இல் பிறந்தவர் மாயர் அம்ஷெல் ரொத்சைல்ட். பழைய நாணயங்களை விற்றுத் தொழில் தொடங்கிய அவர், பெரும் வங்கிக் குடும்பத்தின் மூலவரானார். அவருடைய மூத்த மகள் வோர்ம்ஸ் என்னும் குடும்பத்தில் மணம் புரிந்தார். அம்மகளின் புதல்வர்களாகிய கேப்ரியல், மோரிஸ் என்னும் சகோதரர் இருவரும் இலங்கைக்கு வந்து, புசல்லாவையில் கோப்பித் தோட்டம் அமைத்தனர். தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயரே தோட்டத்தின் பெயராயிற்று.

மோரிஸ் 1841 இல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கே நடுவித்தார். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்கு அது 26 ஆண்டுகள் முந்தியது. ஆயினும் அம்முயற்சி வாணிகமாக வளரவில்லை; கோப்பி கொழித்த காலம் அது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை மலைநாட்டை ஆட்கொண்டது. சகோதரரோ 1865 இலேயே தோட்டங்களை விற்றுவிட்டனர். பெயர் மாத்திரம் இங்கே தங்கிவிட்டது.

இவர்களுடைய மாமன் மகன் ஒருவர் இலண்டனில் இருந்தார்; லயனல் ரொத்சைல்ட் என்பது அவர் பெயர். 1847 இல் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தனர். ஆனால், கிறிஸ்தவ நம்பிக்கையின் மீது ஆணையிட்டாலன்றி அவையில் அமரலாகாது என்பது அன்றைய விதி. யூதராகிய அவர் தமது ஆசனத்தைப் பெற 1858 வரை, பதினோராண்டுகள் காத்திருந்தார்.

அதே காலத்திலேதான் நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. இது ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு.

உரிமை மறுக்கப்படுவதன் துயரைச் செல்வர் குடும்பமும் அறிந்திருந்தது; உழைப்பாளர் குடும்பமும் அறிந்திருந்தது. ஆனால், செல்வரின் வரலாற்றை ஏடுகள் காத்தன. நம் முன்னோரின் வரலாற்றைக் காப்பார் யார்?

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் கேளுங்கள். இம்மண்ணில் முதலில் கால் வைத்த மூதாதை யார்? எவ்வூரிலிருந்து வந்தார்? எந்தத் தோட்டத்தில் உழைத்தார்? அறிந்தவற்றை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். தோட்டத்துக்குப் பெயரிட்டவரை உலகம் அறியும். தோட்டத்தை வளர்த்தவரின் பெயரை நாமாவது அறிந்திருத்தல் வேண்டும்.