பல்கலைக்கழக அரங்கும் நம் பிள்ளைகளும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவருடைய பெயர் எனக்குப் பின்னால் பேனரில் இருக்கிறது. அச்சாகப்போகும் இந்த உரையின் அட்டையிலும் இருக்கும். ஆனால் எங்களில் யாரும் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் அண்ணன். இன்றும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் ஒரு பல்கலைக்கழகத்தில் அலுவலக உதவியாளர். கருத்தரங்கக் கூடத்தைத் திறப்பது, நாற்காலி போடுவது, மைக் செட்டைச் சரிபார்ப்பது, மேடையில் தண்ணீர் வைப்பது, முடிந்ததும் கூட்டிப் பூட்டுவது, இவைதான் அவருடைய வேலை. அந்தக் கூடத்தில் நடந்த பொதுச் சொற்பொழிவுகள் அனைத்தையும் அவர் கேட்டிருக்கிறார். உட்கார்ந்து அல்ல, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. சாயங்காலம் எங்கள் விடுதி எதிரில் இருந்த டீக்கடைக்கு வருவார். அன்று பேசியவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று எங்களுக்குச் சொல்லுவார். நான் எம்.ஏ. சமூகவியல் படித்தது வகுப்பறையில் பாதி, அந்த டீக்கடையில் பாதி.

பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளையும் வேலைவாய்ப்புப் பயிலரங்குகளையும் பற்றி இன்று பேசலாம் என்று இருக்கிறேன். இலக்கிய மன்றத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குள் போகும் பிள்ளைக்கு இட ஒதுக்கீடு கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்குமா, வெளியே வரும்போது வேலையோடு வருமா என்பது வேறு இரண்டு கதவுகள். அந்தக் கதவுகளுக்குச் சட்டம் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. பழக்கம் என்று நாம் சொல்லும் இடத்தில் எல்லாம் சாதிக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

முதல் கதவு, பொதுச் சொற்பொழிவு.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். இந்தியக் கிராமச் சமுதாயம் பற்றி ஒரு சொற்பொழிவு. அறிவிப்பு ஆங்கிலத்தில் துறைப் பலகையில் ஒட்டியிருந்தது. கூட்டம் குறைவாக இருக்கிறது என்று எங்கள் வகுப்பையே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முன்வரிசை சோபாக்கள் முக்கியமானவர்களுக்கு. நாங்கள் கடைசி மூன்று வரிசை. பேசியவர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். கிராமம் எப்படித் தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொண்டது, எப்படி எல்லாரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தார்கள் என்று அழகாகச் சொன்னார். எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது. அதை நினைத்துக்கொண்டே கேட்டேன்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்து, "நீங்க சொன்ன கிராமத்துல ஊர் இருக்கு, சேரி எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். தலைமை தாங்கியவர், ஆங்கிலத்தில் கேட்கும்படி சொன்னார். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், அவ்வளவு பேர் முன்னால் பேச வராது. உட்காரப் போனேன். அண்ணன் மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை தாண்டி வந்து என் கையில் கொடுத்தார். "தமிழ்லயே கேளு பாப்பா" என்றார். கேட்டேன். பேச வந்தவர் நல்ல மனிதர், தமிழிலேயே பதில் சொல்ல முயன்றார். பதில் எனக்கு நினைவில்லை. என் குரல் ஒலிபெருக்கியில் வந்ததுதான் நினைவிருக்கிறது.

அண்ணனுக்கு மறுநாள் மெமோ கொடுத்தார்கள். நிகழ்ச்சியில் குறுக்கிட்டதற்கு விளக்கம் கேட்டு. அதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. நான் படிப்பை முடித்து வெளியேறிய பிறகு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். மெமோ வாங்கிய அதே நாள் சாயங்காலம் டீக்கடைக்கு வந்தவர், 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பேசியதை எங்களுக்கு விளக்கினார். "நீ கேட்டது புதுக் கேள்வி இல்ல பாப்பா, பெரிய எடத்துல கேட்ட கேள்விதான்" என்றார்.

தோழர்களே, 'பொது' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை, பொது மயானம். இந்தப் 'பொது' எதுவும் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1927இல் மகாடில் குளத்து நீரை அள்ளிக் குடிப்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. பொதுச் சொற்பொழிவும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

சொற்பொழிவின் வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்று கட்டுரை வாசித்தார். அந்த மாணவர் அம்பேத்கர். அங்கே அவரை யாரும் பாதியில் உட்காரச் சொல்லவில்லை. இருபது ஆண்டு கழித்து, உலகமே அறிந்த அறிஞரான பிறகு, லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. சாதியை ஒழிக்க ஏற்பட்ட அமைப்பு அது. உரையை முன்கூட்டிப் படித்தவர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. பேசாத அந்த உரையை 1936இல் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. தமிழிலும் வந்தது. நம் மன்றம் ஆண்டுதோறும் சொற்பொழிவை அச்சிட்டுக் கொடுப்பதை நான் அந்த வழியில்தான் பார்க்கிறேன். அரங்கு கிடைக்காவிட்டால் தாள் இருக்கிறது.

இரண்டாவது கதவு, வேலைவாய்ப்புப் பயிலரங்கு.

நான் படித்த காலத்தில் அது எப்போதாவது ஒருமுறை நடக்கும். இன்று எல்லாக் கல்லூரியிலும் ப்ளேஸ்மெண்ட் செல் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2022 மார்ச் 1ஆம் தேதி நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. பயோடேட்டா தயாரிப்பது, குழு உரையாடல், மாதிரி நேர்காணல், ஆங்கிலப் பேச்சு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இது வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று ஒன்றைச் சொன்னார். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது சாப்பாட்டுத் தட்டிலேயே பரிமாறப்படுகிறது. எந்தக் கம்பெனிக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், யாரிடம் சொல்லி வைக்கலாம் என்பதை மாமாவோ சித்தப்பாவோ சொல்லிவிடுவார். நம் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. அதனால் பயிலரங்கு மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. அதனாலேயே அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நாம் கவனிக்க வேண்டும்.

எனக்கு என்ன சொல்லித் தந்தார்கள் என்று சொல்கிறேன். இரண்டு நாள் பயிலரங்கு. டை கட்டிய பயிற்சியாளர். எல்லாரும் எழுதிய பயோடேட்டாவை வாங்கித் திருத்தினார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு 'அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்று எழுதினார். "இதுதான் டீசண்டா இருக்கும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அந்தத் தாளோடு ஒரு நேர்காணலுக்குப் போனேன். எதிரில் மூன்று பேர். ஒருவர் பயோடேட்டாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அப்பா அக்ரிகல்ச்சரிஸ்டா? எங்க ஊர்லயும் விவசாயந்தான். உங்களுக்கு எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். எங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. என் அப்பா இன்னொருவர் நிலத்தில் அண்டை வெட்டியவர். என் அம்மா நாற்று நட்டவர். நான் பேசாமல் இருந்தேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், என்னைவிடத் தகுதியானவர்கள் வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு வேலை போனது எனக்குப் பெரிதில்லை. என் அப்பாவின் உழைப்பை நானே ஒரு தாளில் அடித்துவிட்டு வந்து, அந்தப் பொய்யைக் காப்பாற்றவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. காத்ரின் நியூமன், சுரீந்தர் ஜோத்கா இருவரும் பெரிய தனியார் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் மேலாளர்களை நேர்கண்டு, 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகுதிதான் முக்கியம், சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன மேலாளர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் என்ன படிக்கிறார்கள். சாதி என்ற சொல்லே வராமல் சாதியைக் கேட்டுவிடலாம். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த விண்ணப்பத்தில் ஆங்கிலப் பிழை கிடையாது, திறன் குறைவு கிடையாது. பெயர்தான் இருந்தது.

பயிலரங்கு நம் பிள்ளையிடம் என்ன சொல்கிறது? உனக்குத் திறன் போதவில்லை, அதனால்தான் வேலை இல்லை என்கிறது. பாபாசாகேபுக்கு எந்தத் திறன் குறைவாக இருந்தது? கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் பாடம் எடுப்பதைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆனால் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சொன்னார்கள். இவருக்கு எந்தப் பயிற்சியாளர் வந்து எதைத் திருத்தியிருக்க முடியும்?

நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். மறைக்கும் பயிற்சி வேண்டாம். குறை தன்னிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போகும் பிள்ளை, முதல் தோல்வியிலேயே உடைந்துபோகும். எதிரே எப்படிப்பட்ட கேள்வி வரும், அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டு போகும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். உடைந்துபோவதன் விலை நமக்குத் தெரியும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலும் பொது இடங்களிலும் நுழையத் தடை விதிக்கப்பட்டு, வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கிய ஐந்து மாணவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். அவர் அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர்.

ஆகவே சில கோரிக்கைகளை வைக்கிறேன். மன்றம் இதைத் தீர்மானமாக்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப வேண்டும்.

பொதுச் சொற்பொழிவின் அறிவிப்பு தமிழிலும் இருக்கட்டும், விடுதிப் பலகையிலும் ஒட்டட்டும். கேள்வியைத் தமிழில் கேட்கும் உரிமை உண்டு என்று தலைவர் தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும். முதல் கேள்வி மாணவருக்கு என்று வைக்கட்டும். யார் யாரைப் பேச அழைத்தார்கள் என்ற ஐந்தாண்டுப் பட்டியலை வெளியிடட்டும். அதில் தலித் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, பெண்கள் எத்தனை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஏப்ரல் 14ஆம் தேதி மட்டும் நம்மை அழைப்பது போதாது. பொருளாதாரம் பேசவும் இயற்பியல் பேசவும் நம்மிடம் ஆள் இருக்கிறது.

பயிலரங்குக்கு வரும் பயிற்சியாளர்களில் நம் சமூகத்திலிருந்து படித்து வேலைக்குப் போன பழைய மாணவர்களும் இருக்கட்டும். குடும்பப் பின்னணிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை வெளிப்படையாக ஒரு பாடமாக வைக்கட்டும். வளாக நேர்காணலில் எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றன. அந்த மையத்தின் கண் ப்ளேஸ்மெண்ட் செல் மீதும் இருக்க வேண்டும்.

கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. அதுவரை நாம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் செய்த வேலை. சொற்பொழிவுக்குப் போனவர் போகாதவருக்குச் சொல்வது. நேர்காணலுக்குப் போய் வந்தவர் அங்கே என்ன கேட்டார்கள் என்று அடுத்து போகிறவருக்குச் சொல்வது. ஒரு விடுதி, ஒரு டீக்கடை, வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும். இங்கே வந்திருக்கும் வேலைக்குப் போகிற தோழர்கள் ஒவ்வொருவரும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.

என் பயோடேட்டாவைப் பிறகு நானே திருத்தி எழுதினேன். தந்தை: விவசாயக் கூலி. தாய்: விவசாயக் கூலி. அதைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். முழுசாகப் படித்தார். "அம்மா தொழிலையும் எழுதினது நல்லது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு டீக்கு என்னைக் காசு கொடுக்கவிடவில்லை.