சோலைவரியும் நம் கல்லூரியும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் நேற்று ஒரு கேள்வி கேட்டார்கள். அங்கே வீட்டுவரிச் சீட்டில் நகரத்துக்கு ஒரு தொகை, கல்விக்கு ஒரு தொகை என்று பிரித்தே போட்டிருக்குமாம். "இங்கே சோலைவரியில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போகுது?" என்றார்கள். ஒரு சதமும் போவதில்லை என்றோம். நம்பவில்லை.

சோலைவரி என்பது வீடு வளவின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ அறவிடுவது. தெருவிளக்கு, வடிகால், குப்பை, நூலகம் என்று அந்தப் பணம் செலவாகிறது. யாழ்ப்பாணம் பொது நூலகம் மாநகர சபையினுடையது. நாங்கள் படித்த காலத்தில் அது 1981இல் எரிக்கப்பட்ட கட்டடமாகவே நின்றது.

பாடசாலைகளின் வழி வேறு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இன்று தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனையவை மாகாணத்தின் கீழும் உள்ளன. மாகாணத்தின் பணமும் பெரும்பகுதி மத்திய அரசின் மானியமே.

இதில் குறை உண்டு. கூரை ஒழுகினால் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் பெரிய நன்மையும் உண்டு. நல்லூர்க் காணி விலைக்கும் நெடுந்தீவுக் காணி விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆசிரியரின் சம்பளத் திட்டமோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் அப்படியல்ல. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதி மக்கள் 100 டொலர் பெறுமதிக்கு 1.05 டொலர் வரி கட்டினார்கள். ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டொலர். அருகே அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான பகுதியில் 85 சதம்தான் கட்டினார்கள். கிடைத்தது 333 டொலர். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஒன்ராறியோவில் 1998 முதல் கல்வி வரியின் வீதத்தை மாகாண அரசே நிர்ணயிக்கிறது.

சகோதரிகளே, சட்டம் இங்கே கொண்டுவராத அந்த வேறுபாட்டை நாம் அறியாமலே கொண்டுவருகிறோமோ என்று யோசிக்க வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பழைய மாணவிகள் உள்ள கல்லூரிக்கு மண்டபம் எழும்புகிறது. மீள்குடியேறிய கரையோரக் கிராமத்துச் சிறு பாடசாலைகள் பலவற்றுக்குக் கேட்க ஆளில்லை. எங்களில் வைத்தியம் படித்தவர்கள் இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்திலிருந்துதான் புறப்பட்டோம். அது இல்லாத ஊரில் பிறந்திருந்தால் எங்கே நின்றிருப்போம்?

"எங்கட பள்ளிக்கூடத்திலயே மலசலகூடம் திருத்தக் கிடக்கு, வெளியில குடுக்கிறதோ?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதலில் அதைத் திருத்துவோம். ஆனால் நூற்றாண்டு நிதியில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வலயக் கல்வி அலுவலகத்துடன் பேசி, ஒரு சிறு பாடசாலைக்கு ஓர் ஆய்வுகூடம் அமைப்போம். கணக்கை எல்லோருக்கும் தெரிய அறிவித்தற் பலகையில் போடுவோம்.

இலவசமாகப் படித்தவர்கள் நாங்கள். எவரோ கட்டிய வரியில் படித்தோம். எங்கள் பங்கைக் கட்டும் முறை இதுவாக இருக்கட்டும்.