அரைப்பேர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)

 

'இளைஞரும் சமயப் பணியும்' என்ற பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டிருந்தார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். அதைப் பற்றிப் பேசத் தக்கவர்கள் இம்மண்டபத்தில் பலர் இருக்கின்றனர். நான் சொல்ல வந்தது வேறு. சென்ற ஆண்டு, எனது 22ஆவது வயதில், எனக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று வைத்தியர் கூறினார். என் வீட்டாரும் இரண்டு நண்பர்களும் மட்டுமே இதுவரை இதனை அறிவர். இப்பொழுது நீங்களும் அறிவீர்கள்.

தோட்டத்திலே அரைப்பேர் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிந்தது முதல் மலையில் நின்றிருப்பாள், மழையில் நனைந்திருப்பாள், அட்டைக்கடியும் பட்டிருப்பாள். மாலையில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அவள் நின்றது முழுநாள், கணக்கில் விழுந்தது அரைநாள். சிறுவயது முதல் நானும் அப்படியொரு அரைப்பேர்க்காரனாகவே இருந்தேன். பரீட்சையில் முதலாம் இடம். கல்யாண வீட்டிலோ ஒன்றுக்கும் உதவாதவன். பேசுகிறவரின் முகத்தைப் பாரேன். வேடிக்கையாகச் சொன்னதை மெய்யென்று கொள்வேன். ஹற்றனிலிருந்து கண்டி வரையுள்ள பஸ் தரிப்பிடங்களை ஒன்று தவறாமல் ஒப்பிப்பேன். கோயிலில் தப்பு முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு லயத்துக்கு ஓடுவேன். சிலர் "படிச்ச திமிரு" என்றார்கள். சிலர் "காத்துக் கருப்பு" என்றார்கள். முனியாண்டிக்குக் கோழி நேர்ந்ததும் உண்டு. நான் படித்த மிஷன் பாடசாலையில் ஓர் ஆசிரியர், முகம் பார்த்துப் பதில் சொல்லாத குற்றத்துக்காகப் பிரம்பெடுத்தார். அதே பாடசாலையில் இன்னோர் ஆசிரியை நூல்நிலையப் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்து, இடைவேளைகளின் இரைச்சலிலிருந்து என்னைக் காப்பாற்றினார். அவருக்கும் ஓட்டிசம் என்ற சொல் தெரிந்திருக்குமோ என்னவோ!

இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை கிடையாது. வைத்தியர் என்னை நெடுநேரம் பேசவிட்டுக் கவனித்தார். பிறகு அம்மாவைக் கேட்டார்: "ஒரு வயதில் எதையாவது விரலால் சுட்டிக் காட்டினானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா?" அம்மா விடை சொல்லாமல் அழுதார். திரும்பி வரும் பஸ்ஸில், கினிகத்தேனையைத் தாண்டும்போது, மெல்லிய குரலில் கேட்டார்: "ஆறு மாசத்துலயே ஒன்னய புள்ளக்காம்பராவுல போட்டுட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன். அதுனாலதானே?"

நண்பர்களே, அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லவே இன்று இங்கு நிற்கிறேன். அம்மா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் உலகறிந்தது அதன் பின்னரே. இது பிறப்பிலேயே வருவது என்று எழுதிய அவரே, பெற்றோரின் அன்பு குளிர்ந்திருந்தது என்றும் எழுதிவைத்தார். அப்பழி வளர்ந்து, தாயின் நெஞ்சு உறைந்ததே காரணம் என்றாயிற்று. 1964இல் பேணாட் றிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே அத்தகைய மகனொருவனின் தந்தை, ஒரு நூல் எழுதி அதனை மறுத்தார். அதற்குப் பின்னும் 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் என்பவர் பழைய பழியையே பெரிய புத்தகமாக்கினார். கானரோ 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில், பெற்றோர்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். இது பெரும்பாலும் மரபுவழி வருவது, மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்தது என்பது இன்று தெளிவு. கற்றறிந்த வைத்தியர்கள் பல்லாண்டு செய்த பிழையை என் அம்மா ஒரு பஸ் பயணத்தில் தமக்குத் தாமே செய்துகொண்டார். அம்மா, பிள்ளைக்காம்பராவில் நான் இருந்ததால் வந்ததல்ல இது. நீங்கள் கொழுந்தெடுத்ததால் வந்தது என் படிப்பு மட்டுமே.

கானர் எழுதிய பதினொருவரில் முதல்வர் டொனால்ட் ட்றிப்ளெற். மிசிசிப்பியில் பொறெஸ்ற் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது ஒரு கமக்காரத் தம்பதியரிடம் சில ஆண்டுகள் வாழ்ந்தார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுவது அவர் வழக்கம். அந்தக் கமக்காரர் அதட்டவில்லை. உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கொடுத்தார். அளப்பதில் பித்து என்று கண்டு, கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். ட்றிப்ளெற் பின்னாளில் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, ஊராரின் நடுவே முதுமையெய்தி, 2023இல் தமது 89ஆவது வயதில் காலமானார். எத்தனையோ நூல்களில் நான் தேடிய வைத்தியத்தை அந்தக் கமக்காரரிடம் கண்டேன்.

ஏற்றுக்கொண்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். முதல் வாரம் மகிழ்ச்சி. இத்தனை நாள் நான் செய்தது திமிரன்று என்று தெரிந்ததே! அடுத்த மாதம் முழுதும் கோபம். தமிழில் சிலர் இதனை மதியிறுக்கம் என்கிறார்கள். எனக்கு அச்சொல் பிடிக்கவில்லை. ஆயினும் அதைப் பார்த்ததும் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. தமிழ்நாட்டு எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, இவ்வாறான மகனை வளர்ப்பவர், 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தம்பி அதை இரவில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். நான் அடுத்த காம்பராவில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக வாசித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்!

நான் பேசுகிறேன், படிக்கிறேன். எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை. சொல்லே வராத பிள்ளைகள் உண்டு. நாள் முழுதும் துணை வேண்டியவர்கள் உண்டு. மௌனத்தாலே முனிவருக்கு உபதேசித்த தட்சிணாமூர்த்தியை வணங்கும் நாம், பேசாத பிள்ளையை அறிவில்லாதவன் என்று தள்ளலாமா? அதற்காகத் தெய்வக் குழந்தை என்று மாலை போடவும் வேண்டாம். மாலை போட்டபின் யாரும் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, நகரத்தை அண்டிய ஒரு பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் இதனைக் கண்டது. மலையிலும் குழந்தைகள்தாமே பிறக்கிறார்கள்! பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தையைக் கண்டால், கோழி நேருங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதே வாரத்தில் கிளினிக்கிற்கு வரும் குடும்ப நல மாதுவிடமும் சொல்லுங்கள். எனக்கு 22 வயது வரை ஆயிற்று. அவனுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வருகிற மாரியம்மன் திருவிழாவில் தப்படிக்கும் பக்கம் என்னைத் தேட வேண்டாம். தேர் திரும்பும் வளைவுக்கு மேலே, சத்தம் குறைந்த இடத்தில் நிற்பேன். இடம் போதும், வேறு சிறுவர் எவரேனும் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள். திருவிழாக் கணக்கை எழுத இவ்வாண்டும் ஆள் கிடைக்கவில்லை என்று செயலாளர் சொன்னார். கொப்பியை என்னிடம் தாருங்கள். ஒரு சதமும் பிசகாது.