தலைக்கு எவ்வளவு குப்பை வாயு?



2019 மார்ச் மாதத்தை ஜொகூரின் பாசிர் கூடாங் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவு காற்றில் பரவியது. பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். அன்று நாற்றம் அடித்தது. அதனால் ஊருக்கே தெரிந்தது. இன்று நான் பேச வந்திருப்பது நாற்றமே இல்லாத ஒரு வாயுவைப் பற்றி: மீத்தேன்.

நாம் வாசலில் கட்டி வைக்கும் குப்பை லோரியில் ஏறி, சீலோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே மண் போட்டு மூடுகிறார்கள். காற்றுப் புகாத இடத்தில் சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

மலேசியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில், 2019இல் கழிவுத் துறை வெளியிட்டது ஏறத்தாழ 28 மில்லியன் டன் கரியமில வாயுவுக்குச் சமம். தலைக்கு வகுத்தால் 850 கிலோவைத் தாண்டுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுக் கணக்கை அப்படியே வகுத்தால் 60 கிலோகூட வரவில்லை. அப்படியானால் அங்குள்ளவர்கள் நம்மைவிட அவ்வளவு சுத்தமானவர்களா?

அங்கே ஒருவர் வீசும் குப்பை குறைவுதான். பழைய பேப்பர்காரரும் குப்பை பொறுக்குவோரும் நிறையவே மீட்டெடுக்கிறார்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ஆழமில்லாத திறந்த மேட்டில் காற்றுப் புகும், மீத்தேன் குறையும். உலக நாடுகள் பின்பற்றும் கணக்கு முறையில், மூடிப் பராமரிக்கும் மேட்டுக்கு மீத்தேன் அளவு 1 என்றால், அத்தகைய திறந்த மேட்டுக்கு 0.4 தான். சென்னை கொடுங்கையூரில் குப்பை எரியும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு, நாட்டின் எண் சிறியதாக இருப்பதால் என்ன பயன்?

நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே எரிக்கக்கூடிய குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால், அந்தப் புகையை எரிசக்திக் கணக்கில் எழுத வேண்டும் என்பது விதி. கழிவுக் கணக்கு மெலிந்துவிடுகிறது. புகை மட்டும் புகைதான்.

இனி நம் கதை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை ஆலையின் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குட்டை நினைவிருக்கும். பழுப்பு நிறம், மேலே ஓயாமல் குமிழி. குமிழியில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன்தான். நம் 850 கிலோவில் இந்தக் குட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெயோ நம் பாசிர் கூடாங் துறைமுகம் போன்ற இடங்களில் கப்பலேறி வெளிநாட்டுச் சமையலறைகளுக்குப் போகிறது. இந்தியா அதைப் பெருமளவில் வாங்குகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையிலேயே பாமாயில் கிடைக்கிறது. பலகாரம் அங்கே பொரிகிறது, குட்டையின் வாயு நம் பெயரில் பதிவாகிறது. ஆகவே நாடுகளை வரிசைப்படுத்தி, இவர் நல்லவர், அவர் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

அதற்காக நாம் கைகழுவிவிட முடியாது. குட்டையை மூடி வாயுவைப் பிடிப்பது ஆலைகளின் வேலை. சோறு நம் வேலை. 2012இல் நாடு தழுவி ஆய்ந்தபோது, வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுதான். 2015 செப்டம்பர் முதல் ஜொகூரில் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். காகிதத்தையும் நெகிழியையும் பிரிக்கிறோம். மிச்சச் சோறு இன்னமும் அதே லோரியில் மேட்டுக்குத்தான் போகிறது.

மாசாய், பாசிர் கூடாங் நேயர்களே, ஒரு பழைய வாளியில் துளையிட்டு, காய்கறித் தோலோடு காய்ந்த இலையைக் கலந்து போடுங்கள். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். காற்றுப் பட்டால் மீத்தேன் அதிகம் வராது, செடிக்கு உரம் கிடைக்கும். கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த அன்னதானத்துக்கு அரிசி மூட்டையை இறக்கும் அன்றே, வாழை இலைக்கும் மிச்சச் சோற்றுக்கும் ஓர் உரத்தொட்டியை ஏற்பாடு செய்துவிடுங்கள்.