நம்ம நேரம் இலவசம், ஆசானோட நேரம் இலவசம் இல்ல

(இளைஞர் சந்திப்பில் நம் ஐடி விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.)



"வார இறுதியில பறைக் குழு நடத்துறீங்களாமே, எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எப்படி தோழர்?" இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல வந்துக்கிட்டே இருக்கு. தனித்தனியா பதில் எழுதினா பாதிப் பேருக்கு விட்டுப்போகுது. அதான் இங்க மொத்தமா சொல்லிடறேன்.

நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இங்க எனக்குக் கொடுத்திருக்கிற வேலை போஸ்டர், வீடியோ, பதிவு. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் தோள்ல பறை. எங்க குழுவுல எல்லாரும் தன்னார்வலர்கள்தான். பேங்க்ல வேலை பாக்குற அக்கா, ஆட்டோ ஓட்டுற அண்ணன், ப்ளஸ் டூ படிக்கிற தம்பி, அவனைக் கொண்டுவந்து விட வந்து, அப்படியே கத்துக்க ஆரம்பிச்ச அவங்க அம்மா.

இதைக் கேட்டா உங்களுக்கு ஒரு படம் மனசுல வரும். சம்பளம் கிடையாது, எல்லாம் சேவை, எல்லாம் இலவசம். இந்த 'இலவசம்' பத்திதான் நான் முக்கியமா பேசணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

பறைக்கும் இலவசத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்கள்ல பறையையும் சேர்த்துச் சொல்லுது. அவ்வளவு பழைய கருவி. மேடையில இதை எல்லாரும் சொல்றோம், கைத்தட்டும் வாங்குறோம். அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றப்பதான் குரல் இறங்கிடுது. சாவு வீட்டுக்கு அடி, ஊர்ச் செய்தி சொல்ல அடி, கோயில் சாட்டுக்கு அடின்னு ஒரு சமூகத்து மக்கள் தலையில மட்டும் அது கடமையா கட்டப்பட்டுச்சு. கூலின்னு கிடைச்சது கொஞ்சம் நெல்லோ மிச்சச் சோறோதான். மாட்டேன்னு சொன்னா மிரட்டல், அடி, வேலை இல்லைங்கிற தண்டனை. அந்த மக்கள் பேருல இருந்து பிறந்த ஒரு சொல், 'ஒதுக்கப்பட்டவர்'ங்கிற பொருள்ல இன்னைக்கும் ஆங்கில அகராதியில உக்காந்திருக்கு.

அதனாலதான் பறையைத் தூக்கி எறியணும்னு சொன்ன தலைவர்கள் இருந்தாங்க. தீண்டாமை பத்தி ஆராய 1965-ல மத்திய அரசு அமைச்ச குழுவுக்குத் தலைமை வகிச்ச எல். இளையபெருமாள், அன்னைக்குத் தென்னார்க்காடு மாவட்டத்துல, இழிவுன்னு சுமத்தின பறையடிக்கிற வேலையை விடச் சொல்லி ஊர் ஊரா பேசினவர். அதே பறையை "இது எங்க கலை, எங்க விருப்பத்துல அடிப்போம்"னு நிமிர்ந்து எடுத்தவங்களும் இருக்காங்க. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுல பட்டியல் சமூகப் பெண்கள் 30 வருஷத்துக்கும் மேலா பறை அடிச்சு ஆடிக்கிட்டு இருக்காங்க. ரெண்டும் ஒரே மானத்துக்கான போராட்டம்தான். ஒருத்தர் கீழ வெச்சுக் காட்டினாங்க, இன்னொருத்தர் கையில எடுத்துக் காட்டினாங்க.

இப்ப நீங்களும் நானும் வர்றோம். லீவு நாள்ல, ஆசைப்பட்டு, டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு. நமக்கு இது விருப்பம். நமக்குச் சொல்லித் தர்றவரோட தாத்தாவுக்கு இது கட்டாயம். அவருக்குக் கூலி கொடுக்காம அடிக்கச் சொன்னது ஊர். "சேவைதானே ஆசான், கலையை வளர்க்கத்தானே"ன்னு நாமளும் சும்மா சொல்லித் தரச் சொன்னா, அந்த ஊருக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?

அதனால எங்க குழுவோட முதல் விதி: எல்லாரும் தன்னார்வலர், ஆசானைத் தவிர.

கணக்கு ரொம்ப எளிசு. ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. 24 பேர், ஆளுக்கு மாசம் 300 ரூபாய். மொத்தம் 7,200. வகுப்புக்கு 1,500 வீதம் மாசம் 4 வகுப்புக்கு ஆசானுக்கு 6,000. மீதி 1,200-ல ஆசானோட பஸ் செலவு, டீ, தோல் மாத்த சேமிப்பு. மாணவர்களும் கையில காசில்லாதவங்களும் கொடுக்க வேண்டாம், சம்பளம் வாங்குறவங்க கொஞ்சம் சேர்த்துப் போடலாம். உங்க ஊர் நிலவரப்படி தொகை மாறட்டும். ஆனா ஆசான்கிட்ட முதல்லயே கேட்டு, அவர் சொல்ற தொகையில இருந்து கணக்கைத் தொடங்குங்க. மழையால வகுப்பு ரத்தானாலும் அவர் பஸ் ஏறி வந்துட்டாருன்னா அன்னைக்குக் கூலி உண்டு. பணத்தைக் கவர்ல மடிச்சு, ஏதோ தானம் மாதிரி யாரும் பாக்காம நீட்டாதீங்க. கணக்குல எழுதி, ஜிபே பண்ணி, குழு வாட்ஸ்அப்ல போடுங்க. சம்பளம்னா சம்பளம்.

ரெண்டாவது விதி இதைவிடக் கஷ்டம். ஆறு மாசம் ஆனதும் நீங்க ஓரளவு நல்லா ஆடுவீங்க. வீடியோ ஓடும். கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க, கல்லூரி விழாவுக்குக் கூப்பிடுவாங்க, கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுவாங்க. "நீங்கதான் தன்னார்வக் குழு ஆச்சே, சாப்பாடு போட்டுடறோம்"பாங்க. மேடை கிடைக்குதேன்னு நமக்குக் காலு துறுதுறுங்கும்.

அந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. நாம ஓசியில போய் ஆடின மேடை, போன வருஷம் யாரோ ஒரு கலைஞர் குடும்பத்துக்கு ஒரு மாச அரிசி. நமக்கு மாசக் கடைசியில சம்பளம் வரும். அவங்களுக்கு ஆடி, தை, பங்குனி, சித்திரைன்னு திருவிழாக் காலத்துல சம்பாதிச்சாத்தான் மிச்ச மாசம் ஓடும். கலையைக் காப்பாத்துறேன்னு கிளம்பி, கலைஞர் வயித்துல அடிச்சுட்டு வரக்கூடாது.

நாங்க இப்படி வெச்சிருக்கோம். காசு கொடுக்க வசதி உள்ளவங்க கூப்பிட்டா, ஆசானோட குழு நம்பரைக் கொடுத்துடுவோம். அவங்க கேட்டா, அவங்ககூட ரெண்டு மூணு பேர் பின் வரிசையில நிப்போம், பணம் அவங்களுக்கு. நாங்க தனியா ஆடுறது பள்ளிக்கூடம், தெருமுனைக் கூட்டம், போராட்டக் களம், ரத்ததான முகாம் மாதிரி யாரும் காசு கொடுக்க முடியாத இடங்கள்ல மட்டும். இதனால சில நல்ல மேடை கைவிட்டுப் போகும். போகட்டும்.

மூணாவது, பேரு. இது நம்ம டிபார்ட்மென்ட், அதனால கறாரா சொல்றேன். ரீல்ஸ் போடும்போது 'தமிழர் கலை', 'மண்ணின் இசை'ன்னு எழுதிட்டு நம்ம குழு லோகோவை மட்டும் போட்டா, சொல்லித் தந்தவர் காணாமப் போயிடுவார். ஆசானோட பேரு, ஊரு, அவர் அனுமதியோட முதல் வரியில வரணும். அடிக்கும் பேரு உண்டு. சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடின்னு ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துக்கு உரியது. எதுன்னு கேட்டு எழுதுங்க. சாவு வீட்டு அடியை எடுத்துக் கல்யாண வீடியோவுக்குப் பின்னால ஒட்டாதீங்க.

மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம், பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி சொல்லித் தந்த கோவை பத்ரப்பன் ஐயாவுக்கு அறிவிச்சாங்க. நாம எல்லாரும் வாழ்த்துப் போஸ்டர் போட்டோம். சந்தோஷம். ஆனா உங்க ஊர் ஆசான் பேரு உங்க தெருவுக்குத் தெரியுமா? அந்தப் போஸ்டர் யார் போடுறது?

இனி நடைமுறை.

இடம். பறை சத்தம் ஊரைக் கூட்டத்தான் பிறந்தது, வீட்டு மாடியில அடங்காது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல்தான் அளவு. ஒரு பறையே அதைத் தாண்டிடும். ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில அடிக்கவே கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா இருக்கலாம். அதனால மைதானம், ஏரிக்கரை, ஊருக்கு வெளிய தோப்பு பாருங்க. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட முன்னாடியே போய் நேரத்தைச் சொல்லிட்டு வாங்க. ஸ்டேஷன்லயும் ஒரு கடிதம் கொடுத்து, நகல்ல சீல் வாங்கி வெச்சுக்குங்க.

கருவி. தொடங்கும்போது ஆளுக்கொரு பறை வேண்டாம். 10 பேருக்கு 4 பறை போதும். மத்தவங்க கையால தொடையில தட்டி, வாயால சொல்லி, கால் அடவு பழகட்டும். பறையை ஆன்லைன்ல தேடாதீங்க, ஆசான் சொல்ற ஆள்கிட்ட போய்ச் செய்யச் சொல்லுங்க. வேப்பமரக் கட்டையை மூணு துண்டா இணைச்சு சட்டம் கட்டி, தோலை இழுத்து ஒட்டுறவர் கைக்கும் வேலை போகட்டும். அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காய்ச்சினாத்தான் தோல் விறைச்சு நாதம் வரும். காய்ச்சும்போது பக்கத்துல ஒரு குடம் தண்ணி, ஒரு பெரியவர் கட்டாயம். மழைக்காலத்துக்கு ஃபைபர் தோல் போட்ட பறை ரெண்டு வெச்சுக்கலாம்.

ஆட்கள். முதல் வாரம் 40 பேர் வருவாங்க. நாலாவது வாரம் 12. பயப்படாதீங்க, கைகொப்புளம் வந்ததும் பாதி கூட்டம் கலையும். அந்த 12 பேர்தான் குழு. வேலையைப் பிரிச்சுக் கொடுங்க: ஒருத்தர் கணக்கு, ஒருத்தர் இடம், ஒருத்தர் கருவி, ஒருத்தர் புதுசா வர்றவங்களைப் பாத்துக்கணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்துங்க. ஒருத்தரே எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டா, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்ச அன்னைக்குக் குழு முடிஞ்சுது. சங்கமா பதிவு பண்ணணும்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைஞ்சது 7 பேர் வேணும். அதுக்கு அவசரம் இல்ல, ஒரு வருஷம் கணக்கு ஒழுங்கா எழுதிக் காட்டுங்க முதல்ல.

பெண்கள் வரணும்னா நேரத்தை அவங்களைக் கேட்டு வைங்க. கழிவறை இருக்கிற இடமா பாருங்க. முதல் வகுப்புக்கு வீட்டுல இருந்து யார் வந்து உக்காந்து பாத்தாலும் வரவேற்கணும். ஒரு கமெண்டு, ஒரு தொடுதல் தப்பா இருந்தாலும் யார்கிட்ட சொல்றதுன்னு முதல் நாளே ஒரு அக்கா பேரை அறிவிச்சுடுங்க.

சாதி. இதைக் கடைசியா வெச்சது முக்கியத்துவம் குறைவுன்னு இல்ல, இதைக் கேட்டுட்டு எழுந்து போறவங்க இருப்பாங்கன்னுதான். குழுவுல யாரும் யார் சாதியையும் கேக்கக் கூடாது. ஆனா "இங்க சாதியே இல்லை"ன்னு சொல்லி பறையோட வரலாறை மூடவும் கூடாது. ஆசான் டீ குடிக்கிற டம்ளர்லயேதான் நாமளும் குடிக்கணும். அவரை வீட்டுக்குக் கூப்பிடணும், அவர் கூப்பிட்டா போகணும். சாவு வீட்டுல அடிக்கிறது பத்தியும் தெளிவா இருங்க. குழுத் தோழர் வீட்டுத் துக்கத்துக்கு அன்பால போய் அடிக்கலாம். "இது அவங்க செய்ய வேண்டிய வேலை"ன்னு ஊர் ஒருத்தரைக் கைகாட்டினா, அந்த இடத்துல நம்ம பறை ஒலிக்கக் கூடாது.

நிறைய கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உறுப்பினர் அட்டை இல்ல. படிவம் நிரப்பத் தெரியாம, ஆபீஸுக்கு அலைய ஒரு நாள் கூலி போகும்னு விட்டிருப்பாங்க. கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்துல விசாரிச்சு, போட்டோ, ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எடுத்து, கூடவே போய்க் கொடுத்துட்டு வாங்க. லேப்டாப் தெரிஞ்ச நம்மளால இது முடியும். நூறு ரீல்ஸைவிட இந்த ஒரு அட்டை பெருசு.

இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க ஊர்ல பறையோ, ஒயிலோ, கும்மியோ, கரகமோ தெரிஞ்ச ஒருத்தரைத் தேடிப் போங்க. அவர் பேரைக் கேளுங்க. "எங்களுக்குச் சொல்லித் தர எவ்வளவு வேணும்?"னு கேளுங்க. அவர் சொல்ற தொகையைப் பேரம் பேசாம குறிச்சுக்கிட்டு வாங்க. அன்னைக்கே உங்க குழு ஆரம்பிச்சாச்சு.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, நிச்சயம் பதில் சொல்றேன். உங்க ஊர்க் குழுவுக்கு யார் பொறுப்பெடுக்கலாம்னு தோணுதோ அவங்களுக்கு இதைப் பகிருங்க.



#பறை #நாட்டுப்புறக்கலை #கலைஞருக்குக்கூலி