எதிரே நின்ற தமக்கை



தொழில் நடத்துவோர்க்குரிய தலைமைப் பண்பு பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அகமதாபாத்தில் 1918ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைக் கூற விழைகின்றேன்.

கொள்ளைநோய்க் காலத்தில் அளித்துவந்த மிகையூதியத்தை நெசவாலை முதலாளிகள் நிறுத்தினர். விலைவாசியோ ஏறியிருந்தது. தொழிலாளர் 35 விழுக்காடு உயர்வு வேண்டினர்; முதலாளிகள் 20 விழுக்காட்டுக்குமேல் இசையவில்லை. முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் சமணக் குடும்பத்தில் தோன்றிய அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் அம்பாலாலின் தமக்கை அனசூயா.

மார்ச்சுத் திங்களில் அடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்று நாளில் இருதரப்பும் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டன. நடுவராயிருந்த அறிஞர் ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காடே தகும் என்றார். உடன்பிறந்தோர் உறவோ முறியவில்லை.

இதில் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. தாமே ஒரு தரப்பாயிருக்கும் வழக்கில் தாமே தீர்ப்புக் கூறலாகாது; எதிர்த்துப் பேசுபவரைப் பகைவராக எண்ணலாகாது.

அநேகாந்தத்தை நாம் அறவுரைகளில் கேட்கின்றோம். நம்மிற் பலர் நிலமுடையோர். சிலர் கடையும் ஆலையும் நடத்துவோர். கூலி உயர்வு கேட்டு ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அவர் கூறுவதிலும் உண்மையின் ஒரு கூறு உண்டென்று அமர்ந்து கேட்கின்றோமா? அவர் வீட்டு அடுப்பு நம் விடையை நோக்கியிருக்கிறது. அங்கேதான் நம் கொள்கை சோதிக்கப்படுகிறது.