நன்னடத்தை விசாரணையும் நம் இளைஞரும்

(கடம்பத்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சட்டம் பேச வழக்கறிஞர் இருக்கத் தமிழாசிரியர் எழுந்ததேன் என்று தாங்கள் நினைத்தல் கூடும். யாம் செய்த பிழையொன்றே எம்மை இங்கு எழுப்பிற்று.

நம்மவருள் ஓர் இளைஞன். பத்தொன்பதாம் வயதில், கோயில் திருவிழாவில் இரு தெருவாரிடையே எழுந்த கைகலப்பு வழக்கில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டது. நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. பின்னர் அவன் மத்திய அரசுப் பணியொன்றிற்குத் தேர்வெழுதித் தேறினான். 'உம்மீது எக்காலத்தேனும் வழக்குப் பதிவானதுண்டோ?' என்னும் வினாவைப் படிவத்திற் காட்டி எம்மைக் கேட்டான். "விடுதலையானபின் வழக்கு ஏது? இல்லை என்று எழுது" என்றோம். போலீஸ் விசாரணையில் பழைய முதல் தகவல் அறிக்கை வெளிப்பட்டது. விளக்கம் கோரி வந்த நோட்டீசை அஞ்சி மறைத்து வைத்தான். நியமனம் நீக்கப்பட்டது. அதன்பின்னரே எம்மிடம் வந்தான்.

அன்பர்களே! வழக்கு வேறு, பொய் வேறு. வழக்கில் விடுபட்டவன் படிவத்தில் அகப்பட்டான். உண்மையை எழுதியிருப்பின், திருவிழாச் சண்டையை அதிகாரி சிறிதென்று தள்ளியிருத்தல் கூடும். மறைத்தமையால் அது பெரிதாயிற்று.

எனினும், மறைத்தவன் கெட்டான் என்று சட்டம் கதவடைத்துவிடவில்லை. 2016 ஜூலை 21-ல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூவர் அமர்வு பல நெறிகளை வகுத்தது. இளமையில் நேர்ந்த அற்பக் குற்றமாயின், மறைத்த பிழையையும் அதிகாரி பொறுக்கலாம். படிவத்தின் வினா தெளிவாய் இருத்தல் வேண்டும். வழக்கிருப்பது அறியாதவனை மறைத்தவன் என்னலாகாது. பணி உறுதியானவனைத் துறை விசாரணையின்றி நீக்கலாகாது என்பன அவற்றுட் சில. 2011-ல் டெல்லிப் போலீசுக்குத் தேர்வான ஓர் இளைஞனின் வழக்கிலும் இளமைப் பிழையைப் பெருந்தன்மையோடு நோக்கவேண்டும் என்றது அந்நீதிமன்றம். அத்தீர்ப்பில், ரொட்டி திருடி வாழ்வெல்லாம் கள்வனெனப்பட்ட ழான் வால்ழானின் கதையும் நினைவுகூரப்பட்டது. ஆளைத் தெரிந்து தெளிதற்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், நன்மை தீமை இரண்டையும் எடையிட்டு எது கூடுதலோ அதனால் முடிவு செய்யவே சொன்னார்.

ஆயினும் ஏமாறற்க. பொறுப்பது அதிகாரியின் விருப்புரிமை, விண்ணப்பித்தவனது உரிமையன்று. தமிழ்நாட்டுக் காவல்பணி விதிகளோ மிகக் கடியன. ஐயத்தின் பயனால் விடுதலையானவனையும் அவை வழக்கில் தொடர்புடையவனாகவே கொள்ளும். 2008-ல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் அவ்விதியைத் தள்ளவில்லை. சாட்சிகள் பிறழ்ந்தமையால் வந்த விடுதலையை மாசற்ற விடுதலையாகக் கொள்ளலாகாது என்று 2012-ல் நம் மாநிலத்து வழக்கொன்றிலேயே உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆதலின், 'விடுதலை' என்னும் ஒரு சொல்லோடு நில்லாது, தீர்ப்பு முழுவதையும் படித்தல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன யாவை? நோட்டீஸ் வந்தால் குறித்த நாளுக்குள் விடை எழுதுக. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றின் சான்று நகல்களை இணைக்க. அக்கால வயது, வழக்கின் தன்மை, அதன்பின் ஒழுகிய முறை ஆகியவற்றை வரிசையாய்க் காட்டுக. நேரில் கேட்குமாறு வேண்டுக. அங்கே மறைத்ததை மீண்டும் மறையற்க. காரணம் கூறாது மறுப்பின், எழுத்தில் காரணம் கேட்க. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டமும் துணை நிற்கும். மத்திய அரசுப் பணிகள் பெரும்பாலானவற்றிற்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் உண்டு. இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுக்குள் அதனை அணுகுதல் வேண்டும். மாநிலப் பணிக்கு உயர்நீதிமன்றமே புகல். கடவுச்சீட்டு மறுக்கப்படின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடந்தருகிறது. கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தனியார் தொழிற்சாலைகளில் இத்தகைய வழி அரிது. ஆங்கு முதலிலேயே உண்மை கூறுவதே காப்பு. பொருளில்லார்க்கும், மகளிர்க்கும், தொழிலாளர்க்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கும். திருவள்ளூரிலும் அஃது உண்டு.

நம் இளைஞன் மேலதிகாரிக்கு முறையிட்டான். நேரில் கேட்க நாளும் கிடைத்தது. வாயில்வரை உடன்சென்றோம், அவன் தனியே உள்ளே புகுந்தான். "யார் சொல்லி இவ்வாறு எழுதினாய்?" என்று அதிகாரி வினவினாராம். "என் அறியாமை" என்றானாம். எம் பெயரைக் கூறவில்லை. வெளியே வந்து அவன் இதனைச் சொன்னபோது யாம் தலைகுனிந்தோம். அன்று மாலையே, அப்பிழை எம்முடையதென்று எழுதிக் கையொப்பமிட்டு அவ்வலுவலகத்துக்கு அனுப்பினோம்.

ஆணை இன்னும் வரவில்லை. வருவது யாதாயினும், இனி ஓர் இளைஞன் நம்மில் எவரிடத்தும் படிவத்தோடு வந்தால், "உள்ளதை எழுது" என்பதே நம் விடையாகுக. திருவிழாவில் கையோங்குமுன் தம்பியரைத் தடுப்பதும் மூத்தோராகிய நம் கடமையே. படிவம் நிரப்பவும் நோட்டீசுக்கு விடை எழுதவும் உதவுமாறு, கற்றோர் மூவரை இச்சங்கம் அமர்த்தல் வேண்டுமென்று பணிந்து கேட்டு அமைகின்றோம்.